கரண்ட் திரும்பி வந்ததும் சக்கரம் தானாக ஓடலாமா?

"கரண்ட் இல்லாத நேரத்துலதான் தம்பி அவன் தண்ணியில இறங்குவான். நீ அந்த நேரம் பார்த்து சக்கரத்தைச் சுத்த விடப் போற." மலேசியாவின் நிபோங் திபாலில், இறால் குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்யும் வேலையில், குளத்துக் காவலாளியைப் பற்றி வயர்மேன் அண்ணன் சொன்னது இது. போர்டு செய்து, மாட்டி, ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆனாலும் அவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

பழைய டிஓஎல் ஸ்டார்ட்டரில், அதாவது மோட்டாரை நேரடியாக மின்சாரத்தில் இணைக்கும் பெட்டியில், இந்தக் கேள்வியே எழாது. பச்சைப் பட்டனை அமுக்கினால் காண்டாக்டர் (காயில் காந்தமாகி மூடும் மோட்டார் சுவிட்ச்) இழுக்கும். பட்டனுக்குப் பக்கவாட்டில் இணைத்த 13-14 துணைத்தொடர்பு மூடிக்கொண்டு, கையை எடுத்த பிறகும் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும். கரண்ட் போனால் அது திறந்துவிடும். கரண்ட் வந்தாலும் ஒருவர் வந்து மறுபடி அமுக்கும்வரை மோட்டார் நின்றபடியே இருக்கும். யாரும் யோசித்து எழுதாமலே கிடைத்த பாதுகாப்பு அது. அந்த இடத்தில் மைக்ரோகன்ட்ரோலரை (நிரலால் இயங்கும் சிறு சிப்) வைத்த நொடியில் அது போய்விடுகிறது. போர்டு விழித்ததும் என்ன செய்வது என்பதை இனி யாரோ ஒருவர் நிரலில் எழுதியாக வேண்டும்.

தவுக்கே (குளத்து முதலாளி) கேட்டது தானியங்கி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. குளத்துப் பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் தானும் அதை இழுக்கும். விடியலுக்குச் சற்று முன்னால்தான் அளவு மிகக் குறைவு. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இறால் திணறும். காவலாளி தூங்கிவிட்டால் விடிகாலையில் மொத்தக் குளத்து இறாலும் செத்துக் கிடக்கும். அண்ணன் பக்கத்து நியாயமும் சின்னதல்ல. துடுப்பில் நைலான் கயிறோ பிளாஸ்டிக்கோ சுற்றிக்கொள்ளும். ஓடும்போது கிட்டப் போக முடியாது. நின்ற நேரம்தான் சுத்தம் செய்ய வாய்ப்பு. இயந்திர மின்பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 தரமும் அவர் பக்கம்தான்: மின்சாரம் திரும்பும்போது தானாக ஓடுவது ஆபத்து தரும் என்றால் அதைத் தடுக்க வேண்டும்.

கடைசியில் முடிவு செய்தது நேரத்தை வைத்து. இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை கரண்ட் திரும்பினால் தானாக ஓடும். அதற்கு முன் 30 விநாடி சைரனும் சுழல் விளக்கும். பகலில் பட்டன் அமுக்காமல் ஓடாது. பகலில் வெயில் இருக்கிறது, குளம் கொஞ்ச நேரம் தாங்கும். தண்ணீரில் ஆள் இறங்குவதும் பெரும்பாலும் பகலில்தான். எழுதும்போது இது சரியாகத்தான் படுகிறது. ஆனால் நடு இரவில் கரண்ட் போனால் காவலாளி விழித்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு முதலில் போவது குளத்துக்குத்தானே? நின்ற சக்கரத்தில் கயிறு சிக்கியிருப்பதைப் பார்த்தால் சும்மா வருவானா?

சைரனை நம்பலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அரை விநாடி மின்வெட்டில் 240 வோல்ட் காயில் உள்ள காண்டாக்டர் விட்டுவிடும். ஆனால் 5 வோல்ட் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர் போர்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். நிரலுக்கு எதுவும் தெரியாது. ரிலேயை இழுக்கும் சிப்பின் கால் (பின்) ஹையிலேயே, அதாவது 'ஓடு' நிலையிலேயே, இருக்கும். கரண்ட் திரும்பிய கணமே காண்டாக்டர் மறுபடி இழுக்கும். சைரன் கிடையாது, 30 விநாடியும் கிடையாது. மேசையில் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தால் இது அகப்படாது, ஏனென்றால் பிடுங்கிய பிளக்கை யாரும் அரை விநாடியில் திரும்பச் செருகுவதில்லை.

இதற்கு மெயின்ஸையே பார்க்க வேண்டும். காண்டாக்டருக்கு வரும் அதே ஃபேஸிலிருந்து இரண்டு 47 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு ஒரு பிசி817 ஆப்டோகப்ளருக்கு (மெயின்ஸைத் தொடாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்) கொடுத்தால் போதும். அதன் எல்இடிக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148 டயோடு. ஒரே ரெசிஸ்டராகப் போட்டால் வாட் கணக்கு சரியாக வந்தாலும் 240 வோல்ட்டின் உச்சம் கிட்டத்தட்ட 340 வோல்ட் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டாகப் பிரித்தால் வெப்பமும் வோல்ட்டேஜும் பாதிப்பாதி. 50 ஹெர்ட்ஸில் 20 மில்லிவிநாடிக்கு ஒரு துடிப்பு வரும். 60 மில்லிவிநாடி துடிப்பு இல்லையென்றால் எல்லா ரிலேயையும் உடனே விட்டுவிட்டு, முதலிலிருந்து காத்திருப்பைத் தொடங்க வேண்டும். திரும்ப ஓடும்போதும் எல்லாவற்றையும் ஒன்றாக விடாமல் 5 விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் வழக்கத்தைப் போல ஆறேழு மடங்கு இருக்கும்.

ரீசெட் நேரமும் அப்படித்தான். போர்டில் உள்ள மைக்ரோகன்ட்ரோலரான ஏடிமெகா328பி விழிக்கும்போது பின்கள் எல்லாம் இன்புட்டாக மிதக்கும். ரிலே டிரான்சிஸ்டரின் பேஸில் 10 கிலோ ஓம் புல்டவுன் (தரைக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) இருந்தால்தான் அந்தச் சமயத்தில் ரிலே துடிக்காது. லோவில் இழுக்கும் ரிலே மாட்யூல் என்றால் முதலில் ஹை எழுதி, பிறகுதான் பின்னை அவுட்புட் ஆக்க வேண்டும். வரிசை மாறினால் ஒரு கணம் ரிலே தட்டும். வாட்ச்டாக் ரீசெட்டா (நிரல் உறைந்ததா), பிரவுன்அவுட்டா (வோல்ட்டேஜ் இறங்கியதா) என்று சிப்பின் எம்சியூஎஸ்ஆர் ரெஜிஸ்டர் சொல்லும், ஆனால் நிரலுக்கு முன் ஓடும் சில பூட்லோடர்கள் அதை முன்பே துடைத்துவிடும். ஆகவே எந்தக் காரணமானாலும் கரண்ட் போனதாகவே கொள்வது. மோட்டார் அதிகச் சுமை இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை, கையால்தான் ரீசெட் செய்ய முடியும்படி மேனுவலில் வைத்தே ஆக வேண்டும். அதில் தவுக்கேயிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் கரையில் பூட்டக்கூடிய ஐசோலேட்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் கை சுவிட்ச்) வைத்தோம். இறங்குபவர் அணைத்து, பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டால் நிரல் என்ன சொன்னாலும் மோட்டார் ஓடாது. சரியான வழி இதுதான் என்று இப்போதும் நம்புகிறேன். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "கரண்ட் இல்லாதப்போ எதைப் போய் அணைப்பான்?" என்று மட்டும் கேட்டார். பூட்டு உண்டு, பழக்கிக் காட்டியும் ஆயிற்று என்று பதில் சொன்னேன். அது பதிலாகாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் பட்டன் மட்டும்தான் என்று விட்டிருந்தால் தவுக்கே வேறு யாரையாவது கூப்பிட்டு சைரனும் ஐசோலேட்டரும் இல்லாத டைமர் ஒன்றை மாட்டியிருப்பார். இது சமாதானமா, காரணமா என்று எனக்கே பிடிபடவில்லை.

நேரத்தை வைத்து முடிவு செய்ததால் நேரத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. டிஎஸ்3231 கடிகாரத்தின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கரண்டும் போனால் கடிகாரம் நின்றுவிடும். அதன் 0எக்ஸ்0எஃப் ரெஜிஸ்டரின் 7ஆம் பிட் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த பிட் 1 என்றால் இரவா பகலா என்று போர்டுக்குத் தெரியாது. இப்போதைக்கு அந்நிலையில் பட்டனுக்காகக் காத்திருந்து, காவலாளிக்கும் தவுக்கேக்கும் எஸ்எம்எஸ் அனுப்பும்படி வைத்திருக்கிறேன். தவுக்கேக்கு அது எதிர்ப்பக்கம் வேண்டுமாம், கடிகாரம் தெரியாவிட்டால் ஓடட்டும் என்கிறார். நிரலில் ஒரே ஒரு குறியை மாற்றினால் போதும். அடுத்த குளத்துக்குப் போர்டு போவதற்குள் அண்ணனை உட்கார வைத்து அந்த ஒரு வரியைக் காட்டிப் பேச வேண்டும்.