வெனிலாப் பூவைத் தொட்ட விரல்

இன்று பதியன்களுக்கு மண் அணைக்கும்போதெல்லாம் எட்மண்ட் அல்பியஸ் நினைவுதான். 1841, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. அடிமையாகப் பிறந்த 12 வயதுச் சிறுவன். வெனிலாக் கொடி அங்கே பூத்ததே தவிர, காய்க்கவில்லை. சிறு குச்சியால் பூவுக்குள் இருந்த மெல்லிய சவ்வை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். காய் பிடித்துவிட்டது! இன்றும் வெனிலாத் தோட்டங்களில் அதே கைமுறைதான். அந்தப் பூ ஒரு நாள்கூட முழுதாக நிற்காது. அதற்குள் தொட வேண்டும், நோகாமல் தொட வேண்டும். செடிமேல் காதல் இல்லாத விரலுக்கு அது வராது.

1848இல் அடிமைத்தளையிலிருந்து விடுதலை வந்தது. தீவே வெனிலாவால் செழித்தது. அவரோ 1880இல் வறுமையில் இறந்தார். எவ்வளவு பெரிய அநியாயம்!

பிரெஞ்சு ஓவியர் மோனே தன் தோட்டத்துக் குளத்தைப் பார்த்து வரைந்த அல்லி ஓவியங்களைப் பார்த்தாலும், படகில் போய் அந்தக் குளத்து அல்லி இலைகளின் தூசியைக் கழுவிய தோட்டக்காரரைத்தான் என் கண்கள் தேடுகின்றன.