எலும்புக் கட்டி பிளாக் கேட்டு அலைகிறவர்களுக்கு: முதலில் எந்த அமிலம் என்று கேளுங்கள்

மனித எலும்புக் கட்டியின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள் என்றால், எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த மருத்துவமனையில் திசுவை வெட்டி ஸ்லைடு போடும் ஹிஸ்டாலஜி அறைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எலும்பை எதில் போட்டு சுண்ணாம்பை எடுக்கிறீர்கள்?" இந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை, எந்தச் செக் லிஸ்ட்டிலும் இல்லை. பதில் தெரிய வந்தபோது என் பிஎச்டி காலத்தில் ஒரு பெரிய பகுதி போயே போய்விட்டது. அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

என் தலைப்பு ஆஸ்டியோசார்கோமா. வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் முழங்காலை ஒட்டி, எலும்பு வேகமாக நீளும் இடத்திலேயே வருகிற புற்றுநோய். எலும்பை வளர்க்கும் சமிக்ஞைகள்தான் பல கட்டிகளையும் வளர்க்கின்றன: விண்ட், பிஎம்பி, ஹெட்ஜ்ஹாக், எஃப்ஜிஎஃப். சில புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் கால்சியம் ஏன் எகிறுகிறது என்று தேடிப் போனவர்கள் 1987ல் பிடிஹெச்ஆர்பி என்ற புரதத்தைக் கட்டி செல்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, எல்லாக் குழந்தைகளின் வளர்ச்சித் தட்டிலும் (எலும்பின் முனையருகே நீளம் கூடும் இடம்) குருத்தெலும்பு செல்கள் அவசரப்பட்டு முதிர்ந்துவிடாமல் பிடித்து வைப்பதும் அதே புரதம்தான் என்று. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஏற்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் கை கால் எலும்புகள் நீளாமல் குட்டையாகிவிடும். அதே ஏற்பி சிறுநீர்ப்பையில் கெட்டால் அங்கே செல்கள் பெருகுகின்றன. எந்த செல், எந்த நேரம் என்பதைப் பொறுத்து ஒரே கட்டளைக்கு இரண்டு விளைவு. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள், வாங்குவதில் சிக்கலே இல்லை. புனேயில் இருக்கும் தேசிய செல் அறிவியல் மையத்துக்கு எழுதிப் பணம் கட்டினோம், வந்தது. ஆனால் நாம் எல்லோரும் வளர்க்கும் சாவோஸ்-2 செல்கள் 1973ல் ஒரு பதினொரு வயதுச் சிறுமியின் கட்டியிலிருந்து எடுத்தவை. யு2ஓஎஸ் 1964ல் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுடையது. இத்தனை காலம் பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்த செல்லை மட்டும் காட்டி, நோயாளியின் காலுக்குள் நடப்பதைச் சொல்லிவிட முடியாது. எனவே திசு வேண்டும். வடசென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில் கேட்டோம். பெயர் வேண்டாம்.

முதல் விண்ணப்பம், ஏற்கெனவே பேத்தாலஜியில் சேமித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்குகளுக்கு. பெயர் நீக்கிய பழைய மாதிரிகளுக்கு நோயாளியின் ஒப்புதலிலிருந்து விலக்குக் கேட்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலில் இடம் உண்டு. அந்தப் பகுதியைக் காட்டி எழுதியதால் கமிட்டி பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கேள்வி எல்லாம் தபால் பிரிவில்தான். கோப்பைக் கொடுத்துவிட்டு வந்து, கூட்டம் நடக்கும் வாரத்தில் விசாரித்தால், "உங்க ஃபைல் வந்து சேரலயேம்மா" என்றார் அங்கிருந்த கிளார்க். அவர் கையில்தான் கொடுத்திருந்தேன். அலமாரியில் தேடச் சொன்னால், "எச்ஓடி சீல் போட்டுட்டு புதுசா ஒண்ணு கொண்டு வாங்க, அதுதான் சீக்கிரம்" என்று பதில். அந்தக் கூட்டம் போயிற்று, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே கோப்பைக் கொடுத்ததும் இன்வர்ட் எண்ணைப் போடச் சொல்லி, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் அந்த ஜன்னலை விட்டு நகராதீர்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

சரி, அனுமதி வந்தது, பிளாக்குகளும் வந்தன. பிஎம்பி சமிக்ஞை வந்தால் ஸ்மேட் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஒட்டும், அதுதான் பாஸ்போ-ஸ்மேட். ஆசையாக வெட்டி, அதை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி போட்டுப் பார்த்தால் ஸ்லைடு வெறுமையாக இருந்தது. ஆர்என்ஏ தூள் தூளாக வந்தது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதோ என்று இன்னொரு குப்பி வாங்கினோம். அந்த விலைக்கு என் உதவித்தொகையில் பெரிய பங்கு போய்விடும். அப்போதும் வெறுமைதான். கடைசியில் அந்த ஹிஸ்டாலஜி அறையில் பல வருடம் வேலை பார்த்த டெக்னீசியன் அண்ணன் ஒருவர் சொன்னார்: "இது எல்லாம் நைட்ரிக்ல போட்டதும்மா. எச் அண்ட் ஈ நல்லா வரும், நீ கேக்குறது எதுவும் வராது." எச் அண்ட் ஈ என்பது நோய் கண்டறிய வழக்கமாகப் போடும் சாயம்.

எலும்பில் சுண்ணாம்பு இருக்கும்வரை கத்தி இறங்காது. நைட்ரிக் அமிலம் அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். கூடவே டிஎன்ஏவை உடைக்கும், ஆர்என்ஏவை அழிக்கும், பல புரதங்களை ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் மெதுவாக, அமிலமும் காரமும் அல்லாத நடுநிலையிலேயே கால்சியத்தைப் பிடித்து இழுக்கும். திசு பிழைக்கும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். ரிப்போர்ட்டுக்காக ஒரு பிள்ளை வார்டில் காத்திருக்கும்போது பேத்தாலஜி துறை வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அனுமதி கேட்ட நாளிலேயே யாராவது இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்பதுதான் வருத்தம். வழியும் எளிதுதான்: கட்டியில் சுண்ணாம்பு ஏறாத மென்மையான பகுதி கொஞ்சம் இருக்கும். அதை அமிலத்துக்குப் போகுமுன் தனியாக எடுத்துத் தனி பிளாக்காகப் போட்டால் போதும். அந்த அண்ணன்தான் இதையும் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சையில் எடுக்கும் பெரிய கட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். அதற்கு முன்பே கீமோ கொடுத்திருப்பார்கள். மருந்து நன்றாக வேலை செய்திருந்தால் அதில் பெரும்பகுதி செத்த திசு. சிகிச்சைக்கு முன் எடுக்கும் பயாப்ஸிதான் வேண்டும். அதுவோ ஊசியில் வரும் நூல் போன்ற துண்டு. நோய் கண்டறியத்தான் முதல் உரிமை, மிச்சம் இருந்தால் மட்டுமே நமக்கு. இதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், டாக்டர்களின் தயக்கம் பாதி குறையும்.

புதிய திசு என்றதும் திருத்த விண்ணப்பம். பெற்றோரின் ஒப்புதல் படிவம் வைத்தேன், தபால் பிரிவில் ஒட்டியிருந்த பட்டியலில் அது மட்டும்தான் இருந்தது. கூட்டத்தில் அது நிராகரிக்கப்பட்டது: பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் அவர்களுடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும், அந்த அசென்ட் படிவம் எங்கே? நியாயமான கேள்வி. பட்டியலை ஏன் மாற்றவில்லை என்று கிளார்க்கிடம் கேட்டதற்கு, "அது நான் ஒட்டினதில்ல மேடம்" என்றார். சுவரில் ஒட்டியதை நம்பாமல், கமிட்டியின் உறுப்பினர் செயலரிடமே நேரில் கேட்டுவிடுவது நல்லது.

அசென்ட் படிவத்தை வைத்துக்கொண்டு வார்டில் உட்கார்ந்தபோதுதான் இத்தனை அலைச்சலுக்கும் பொருள் புரிந்தது. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "இதனால எம் புள்ளைக்கு என்னா லாபம்?" என்று கேட்டார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றேன். பையனைப் பார்த்தார். அவனே பேனாவை வாங்கி முதலில் கையெழுத்துப் போட்டான்.

முதல் மாதிரி வீணானது. பாஸ்போ புரதத்தில் இருக்கும் பாஸ்பேட்டை, திசு உடலை விட்டு வந்த பிறகும் நொதிகள் கழற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அன்று மருத்துவமனையில் ஐஸ் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். காசிமேட்டில் மீன் ஏற்றுகிறவர்களிடம் பொடி ஐஸ் வாங்கி, மாதிரியை வைத்து ஆட்டோவில் ஏறினால் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஊர்ந்து போய், அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று. லேப் போய்ச் சேர்ந்து பார்த்தால் மொத்த ஸ்மேட் இருந்தது, பாஸ்போ-ஸ்மேட் இல்லை.

அப்புறம் சிறிய கேனில் திரவ நைட்ரஜனோடு போய், பயாப்ஸி அறை வாசலிலேயே உறைய வைக்க ஆரம்பித்தேன். வாசலில் செக்யூரிட்டி, சிலிண்டர் கொண்டு போகக் கூடாது என்று நிறுத்தினார். ஆர்எம்ஓ (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை லேமினேட் செய்து கேனிலேயே கட்டிவிட்டேன், அதன்பின் தொல்லை இல்லை. மூடிய காரில் மட்டும் இதை எடுத்துப் போகாதீர்கள், ஆவியாகும் நைட்ரஜன் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை ஒதுக்கித் தள்ளிவிடும். ஆட்டோவே மேல்.

வார்டில் கையெழுத்துப் போட்ட அந்தப் பையனுடைய மாதிரியில் பாஸ்போ-ஸ்மேட் 1/5 பட்டை தெளிவாக வந்தது. கைடு சொன்னபடி மறுபடி ஓட்டினேன், மறுபடியும் வந்தது. இனி விண்ட் பக்கம், அந்தச் சமிக்ஞையைக் கடத்தும் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழில் எழுதிய அசென்ட் படிவமும் ஆர்எம்ஓ கடிதத்தின் மாதிரியும் என்னிடம் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.