சாவடியும் தண்ணீர்க் குழாயும்

தோஹாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் டைம்கீப்பராக இருக்கிறேன். கேம்ப்பில் பாதிக்கு மேல் நேபாளிகள். எனக்கு இந்தி வாசிக்கத் தெரியும், நேபாளிக்கும் அதே எழுத்துதான் என்பதால், ஷிஃப்ட் முடிந்ததும் ஃபேஸ்புக்கில் வரும் நேபாளிக் கதைகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். புரியாத இடங்களை அவர்களே சொல்லித் தருவார்கள்.

அந்தக் கதைகளின் அம்மா வாசலில் உட்கார்ந்து மகனின் போனுக்குக் காத்திருப்பார். மகன் அனுப்பும் பணத்தில் கடன் அடையும். கடைசியில் அவனே சவப்பெட்டியில் காட்மாண்டு வந்து இறங்குவான். பொய்யில்லை, அப்படிப் போனவர்களின் வருகைக் கணக்கை நானே முடித்திருக்கிறேன். ஆனால் கதைக்குக் கதை அந்த அம்மாவுக்குக் காத்திருப்பதும் அழுவதும் தவிர வேறு வேலையே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

பழைய எழுத்து அப்படி இல்லை. நேபாளிக் கவிஞர் தேவ்கோட்டா 1936-இல் வெளியிட்ட ‘முனா மதன்’ என்ற கதைப்பாட்டு இந்தப் பையன்கள் பலருக்கு மனப்பாடம். திபெத்தின் லாசாவுக்குச் சம்பாதிக்கக் கிளம்பும் மதன், அம்மா ஆசைப்பட்ட சாவடியும் தண்ணீர்க் குழாயும் கட்டித் தர வேண்டும் என்கிறான். ஒரு வரிதான். ஆனால் அந்த வயதானவளின் மனதில் மகனைத் தாண்டி வழிப்போக்கர்களுக்கும் இடம் இருக்கிறது. இன்னொரு பழைய நேபாளி எழுத்தாளர் குருபிரசாத் மைனாலியின் ‘நாசோ’ கதையில் சுபத்திராவுக்குக் குழந்தை இல்லை. கணவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்கிறார். இளையாளின் ஏச்சு பொறுக்காமல் சுபத்திரா வீட்டை விட்டே போய்விடுகிறாள். பிறகு சாகக் கிடக்கும் அதே இளையாள் தன் மகனை அவள் கையில்தான் ஒப்படைக்கிறாள். ரோஷமுள்ள ஒருத்தியை அம்மாவாக்கிய கதை. எனக்கு மிகவும் பிடித்தது.

சாரம் கட்டும் குருங் இனத்துத் தம்பி ஒருவர், நேபாளத்து மலை மாவட்டமான லம்ஜுங்காரர், போனிலேயே கதை எழுதுவார். எல்லாம் அழும் அம்மாக்கள்தான்.

“உன் அம்மா பகலெல்லாம் என்ன செய்வாங்க தம்பி?”

“புல் அறுப்பாங்க தாஜு (அண்ணா). அப்புறம் ஊர் அம்மாக்கள் குழுவோட கணக்கு அவங்ககிட்டதான்.”

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இத்தகைய குழுக்கள் நிறைய உண்டு. விருந்தாளிகள் முன் ஆடிப்பாடிப் பணம் சேர்ப்பார்கள், பாதைக்குக் கல் பதிப்பார்கள், ஊருக்குள் சாராயம் கூடாது என்று மல்லுக்கு நிற்பார்கள். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “இதெல்லாம் கதையா?” என்றார். கதைதான் என்று விடாமல் சொன்னேன்.

கொஞ்ச நாளில் எழுதிக்கொண்டு வந்தார். அதில் அம்மா சாராயம் காய்ச்சுபவர் வீட்டு வாசலில் நின்று சண்டை போடுகிறார். அறையில் சத்தமாக வாசித்தபோது, ஒருவர் தன் அம்மா போட்ட சண்டையைச் சொன்னார், அடுத்தவர் அதைவிடப் பெரிய ஒன்றை ஆரம்பித்தார். காலையில் ஐந்து மணிக்கு பஸ் இருந்தும் யாரும் படுக்கப் போகவில்லை.