எடின்பரோ ஷாப்பிங்: லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் கடைத்தெரு என்றதும் எல்லோரும் போய் நிற்பது ராயல் மைலில்தான். கோட்டை வாசலிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் ஒரே சாலை அது. இடத்துக்கு இடம் பெயர் மட்டும் மாறும். மேலே காசில்ஹில், பிறகு லான்மார்க்கெட், ஹை ஸ்ட்ரீட், அடிவாரத்தில் கேனன்கேட். மேல்முனைக் கடைகளில் பேக்பைப் இசை அலறும், வாசலிலேயே கட்டம் போட்ட ஸ்கார்ஃபுகள் குவிந்து கிடக்கும். ஃப்ரிட்ஜ் காந்தமும் ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட் டின்னும் போதுமென்றால் அங்கேயே வேலை முடிந்தது. ஷார்ட்பிரெட்டில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: கொழுப்பு என்ற இடத்தில் வெண்ணெய் மட்டும் இருக்க வேண்டும். பாமாயில் கலந்திருந்தால் டின் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கம்பளி வாங்குவதானால் நிதானம் தேவை. ஸ்கார்ஃபின் முன்பக்கம் 'கேஷ்மியர் ஃபீல்' என்று எழுதியிருந்தால் அது கேஷ்மியர் (வெள்ளாட்டின் மென்மயிர்) இல்லை. பெரும்பாலும் அக்ரிலிக், விஸ்கோஸ் போன்ற செயற்கை நார்தான். எந்த நார் எத்தனை சதவீதம் என்று லேபிளில் போடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். அதனால் ஓரத்தில் தைத்திருக்கும் சின்ன லேபிள்தான் உண்மை பேசும். 'டிசைன்டு இன் ஸ்காட்லாந்து' என்பதும் 'மேட் இன் ஸ்காட்லாந்து' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் படம் வரைந்தது மட்டும் ஸ்காட்லாந்தில், நெய்தது எங்கேயோ. கேஷ்மியர் விலை கையைச் சுட்டால் லாம்ப்ஸ்வுல் என்ற ஆட்டுக்குட்டிக் கம்பளி எடுங்கள். நல்ல லாம்ப்ஸ்வுல் பல வருஷம் உழைக்கும்.

ஹாரிஸ் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணிக்கு 1993-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமேற்றி நூற்ற புதுக் கம்பளி நூலை, அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர் செல்லும். அடையாளம், உருண்டையின் மேல் சிலுவை வைத்த 'ஆர்ப்' முத்திரை. மீட்டர் கணக்கில் வாங்கினால் துணியின் பின்பக்கத்தில் முத்திரை பதிந்திருக்கும். பை, பர்ஸ் என்றால் உள்ளே தைத்த லேபிளில் இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்: அந்த முத்திரை துணிக்கு மட்டுமே உத்தரவாதம். ஹாரிஸ் ட்வீட் ஒட்டிய கைப்பை வேறு நாட்டில் தைத்ததாக இருக்கலாம், தோல் போலத் தெரியும் ஓரம் ரெக்ஸினாக இருக்கலாம். ஜிப்பையும் உள் துணியையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பிடித்தால் கேட்ட விலையைக் கொடுங்கள். பேரம் அங்கே எடுபடாது.

ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடையான கில்ட் மீது ஆசை இருந்தால் ஒரு கணக்கு. முறையான கில்டுக்கு 8 கெஜம், அதாவது 7 மீட்டருக்கு மேல் கம்பளித் துணி போகும். அளவெடுத்துத் தைக்க வாரக்கணக்கில் ஆகும். உடனே கையில் கிடைக்கும் மலிவுக் கில்டுகள் பெரும்பாலும் செயற்கை நார். பின்பக்க மடிப்புகளை விரிக்காமல் படியவைத்துப் பாருங்கள். மடிப்பு மாறினாலும் கட்டம் தொடர்ந்து ஓடினால் கைகாரத் தையல். முறிந்து முறிந்து நின்றால் யோசியுங்கள்.

விஸ்கிக்கு செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு எதிரே ராயல் மைல் விஸ்கீஸ் இருக்கிறது, கேனன்கேட்டில் கேடன்ஹெட்ஸ் இருக்கிறது. கேடன்ஹெட்ஸ் 1842-லிருந்து தொழிலில் இருக்கும் நிறுவனம். புட்டியில் 12 என்றிருந்தால் உள்ளே கலந்ததிலேயே இளையதற்கு 12 வயது என்று அர்த்தம். கடைகளில் காலை 10 முதல் இரவு 10 வரைதான் மது விற்கலாம். இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஒருவர் 2 லிட்டர் கொண்டுவரலாம். அங்கே புட்டி பொதுவாக 70 சென்டிலிட்டர், அதாவது 700 மில்லி. மூன்று வாங்கினால் 2.1 லிட்டர் ஆகி 100 மில்லியில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டோடு நிறுத்துங்கள், மிச்சத்துக்கு 5 சென்டிலிட்டர் குட்டிப் புட்டிகள் கிடைக்கும். ஆல்கஹால் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட சரக்கை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள்.

ராயல் மைலை விட்டு விலகினால் ஊர் இன்னும் நன்றாக இருக்கும். வளைந்து இறங்கும் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் மெல்லிஸ் சீஸ் கடை, கீழே கிராஸ்மார்க்கெட்டில் ஆம்ஸ்ட்ராங்ஸ் பழைய துணிக்கடை, அங்கிருந்து நடந்தால் வெஸ்ட் போர்ட்டில் பழைய புத்தகக் கடைகள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்டாக்பிரிட்ஜ் சந்தை. பக்கத்து ராபர்ன் பிளேஸ் தெருவின் சாரிட்டி கடைகளில் (தானமாக வந்த பழைய பொருட்களை விற்பவை) நல்ல கம்பளி கோட்டு சல்லிசாகச் சிக்கும். பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் ஒரு பக்கம்தான் கடை, மறுபக்கம் பூங்காவும் கோட்டையும். பார்க்க அழகு, ஆனால் எல்லா ஊரிலும் இருக்கும் பிராண்டுகள். 2021-இல் திறந்த செயின்ட் ஜேம்ஸ் குவார்ட்டரும் அதே கதைதான், மழைக்கு ஒதுங்கலாம்.

வெளிநாட்டவருக்கு 20 சதவீத வாட் வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி விமான நிலையத்தில் கவுன்டர் தேடாதீர்கள். சில கடைகள் பொருளை நேரே வெளிநாட்டுக்கு அனுப்பினால் வாட் கழிப்பதுண்டு, ஆனால் இந்தியாவில் சுங்க வரி காத்திருக்கும். கடையில் தரும் பைக்குக் குறைந்தது 10 பென்ஸ். துணிப்பை எடுத்துப் போங்கள். மீதிச் சில்லறையாக ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிட்ட நோட்டுகள் வரும். அவை செல்லும்தான், ஆனால் லண்டனிலேயே சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நம் ஊரில் மாற்றுவது அதைவிடக் கஷ்டம். கிளம்புவதற்கு முந்தைய நாளே அவற்றைச் செலவழித்துத் தீருங்கள், அல்லது வங்கியில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.