கடைசி பெஞ்சிலிருந்து தெரிய வேண்டும்

மார்ச் 4

ஊரில் ஒரு கிளினிக்கின் காத்திருப்பு அறைக்கு டோக்கன் திரை செய்து கொடுக்கிறேன். பைத்தான் மொழியும், அதில் விண்டோ வரைய உதவும் பைசைடு6 நூலகமும். திரையில் எழுத்தைக் காட்டும் பெட்டிகள், அதாவது லேபிள்கள், இரண்டே: மேலே எண், கீழே பிரிவின் பெயர். "கண்" என்று வந்தால் சுற்றிலும் வெற்றிடம். "காது மூக்கு தொண்டை" வந்தால் கடைசிச் சொல் வெட்டுப்படுகிறது. பார்வை மங்கிய பெரியவர்கள் படிக்க வேண்டிய எழுத்து இது. கிடைக்கிற இடம் முழுவதையும் அது எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 5

முதலில் எழுத்தை எண்ணி, அகலத்தை அதால் வகுத்தேன். தமிழுக்கு அது ஒத்துவரவில்லை. "எலும்பு முறிவு" கண்ணுக்கு ஏழு எழுத்தும் ஓர் இடைவெளியும்தான். நீளத்தை எண்ணும் பைத்தானின் லென் 14 என்கிறது. புள்ளிக்கும் உகர, இகரக் குறிகளுக்கும் கணினியில் தனித்தனிக் குறியெண் இருப்பதுதான் காரணம். புள்ளியோ அகலத்தில் இடமே பிடிப்பதில்லை. அதனால் எழுத்து தேவையில்லாமல் சிறுத்துப்போனது.

எண்ணுவதை விட்டுவிட்டு அளந்தேன். எழுத்துருவை அளக்கும் கியூஃபான்ட்மெட்ரிக்ஸில், வரியின் அகலத்தைச் சொல்லும் ஹாரிசான்டல்அட்வான்ஸ் இருக்கிறது; முழு வரியையும் சேர்த்துக் கொடுத்தால் சரியான அகலம் வரும். ஒவ்வொரு குறியெண்ணாகக் கொடுத்துக் கூட்டக் கூடாது. "தொ"வின் கொம்பும் காலும் "த"வோடு சேர்ந்தால்தானே அது எழுத்து.

எழுத்தின் அளவை 8 முதல் 200 வரை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் பிடித்து, பொருந்தாத பாதியைத் தள்ளிக்கொண்டே போனால் எட்டு முறை அளந்தாலே போதும்.

மார்ச் 6

விண்டோவைப் பெரிதாக்கினால் எழுத்து அழகாக வளர்கிறது. திரும்பச் சிறிதாக்கப் போனால் ஓரம் நகரவே மாட்டேன் என்கிறது! மதியம் வரை இதிலேயே போனது.

விண்டோவின் அளவு மாறும்போது ஓடும் ரீசைஸ்ஈவென்ட்டில் எழுத்தின் அளவை மாற்றியதும் லேபிள் தன் குறைந்தபட்ச அளவையும் உயர்த்திக்கொள்கிறது. லேபிள்களுக்கு இடம் பிரித்துக் கொடுக்கும் லேஅவுட் அதை மதித்து விண்டோவைக் குறுக விடுவதில்லை. லேபிள் கேட்கும் அளவை எப்படி மதிப்பது என்று சொல்லும் சைஸ்பாலிசியை இரு திசையிலும் இக்னோர்ட், அதாவது கண்டுகொள்ளாதே, என்று வைத்தேன். உடனே சரியானது. இடத்தை லேஅவுட் முடிவு செய்யட்டும், எழுத்து அதற்குள் அடங்கட்டும்.

மார்ச் 8

"எலும்பு"வின் லு, பு இரண்டுக்கும் அடிப்பகுதி நறுக்கப்பட்டிருந்தது. நான் கொடுத்திருந்த எழுத்துருவில் தமிழே இல்லை. நிரல் எழுத்தை வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு, உயரத்தை மட்டும் முதல் எழுத்துருவை வைத்துக் கணக்கிட்டிருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை நிரலோடு சேர்த்து, அதையே நேரடியாகக் குறிப்பிட்டேன். உகரம் முழுசாக வந்தது. அதைப் பார்த்ததில் இந்த வாரத்துக் களைப்பு போய்விட்டது.

மார்ச் 11

கிளினிக்கில் மாட்டியாகிவிட்டது. "கண்" போய் "காது மூக்கு தொண்டை" வந்ததும் பழைய அளவிலேயே நின்று வெட்டுப்பட்டது. ஓரத்தை இழுத்தால்தான் அளக்கும்படி எழுதியிருந்தேன். லேபிளின் சொல்லை மாற்றும் செட்டெக்ஸ்ட்டுக்குப் பிறகும் அளக்க வேண்டும். அங்கேயே ஒரு வரி சேர்த்தேன்.

அப்புறம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இந்தத் திரையில் எழுத்தின் அளவு 60-க்குக் கீழே போனால் எனக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. அதுதான் கீழ் எல்லை. அதற்கும் அடங்காத பெயரை இரண்டு வரியாக மடக்க வேண்டும். நாளைக்கு அந்த வேலை.