கோர்ஸ் ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுங்கள்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான 'நாக்'கின் மதிப்பீடு வருகிறது என்றால் சென்னைக் கல்லூரிகளில் முதலில் களைகட்டுவது ஸ்பைரல் பைண்டிங்தான். ஒரு பாடத்தை நடத்தியதற்கான ஆவணத் தொகுப்பான கோர்ஸ் ஃபைலில் பாடத்திட்டம், லெசன் பிளான், வருகைப் பதிவு, வினாத்தாள், விடைக்குறிப்பு என எல்லாம் வரிசையாக இருக்கும். உள்தணிக்கைக்குப் போகிறவர் இந்த வரிசையில் மயங்கக் கூடாது. பின்பக்கத்தில் இருக்கும் விடைத்தாள்களில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மதிப்பெண் வாங்கிய மூன்றை எடுத்துக்கொண்டு முன்னோக்கி வர வேண்டும்.

அடுத்தது தேதி. 2023 டிசம்பர் 4, 5 மிக்ஜாம் புயல் விடுமுறை. அந்த நாளிலும் 'யூனிட் 4 நடத்தப்பட்டது' என்றிருந்தால், பருவ முடிவில் டைம்டேபிளைப் பார்த்து உட்கார்ந்து எழுதிய ஃபைல் அது. திட்டமிட்ட தேதி, நடத்திய தேதி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். ஈடுகட்டிய சனிக்கிழமை எந்தக் கிழமையின் டைம்டேபிளில் நடந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் சி.ஓ. அட்டெயின்மென்ட் கணக்கில். சி.ஓ. என்பது பாடத்தின் முடிவில் மாணவர் பெற வேண்டிய கற்றல் விளைவு; அதை எத்தனை சதவீதம் பேர் எட்டினார்கள் என்பதே இந்தக் கணக்கு. (அ) அல்லது (ஆ) ஒன்றை மட்டும் எழுதும் 13 மதிப்பெண் கேள்வியில் (அ) சி.ஓ.3, (ஆ) சி.ஓ.4 என்று வைத்துவிடுகிறார்கள். 60 பேர் வகுப்பில் 24 பேர் (அ)வை எழுதி, 18 பேர் இலக்கான 8 மதிப்பெண்ணைத் தொட்டதாகக் கொள்வோம். எழுதாதவர்களின் எக்செல் கட்டத்தைக் காலியாக விட்டால் 75 சதவீதம். 0 போட்டால் 30 சதவீதம். 70க்கு மேல் நிலை 3, 50க்குக் கீழ் பூஜ்யம் என்று விதி வைத்திருக்கும் கல்லூரியில், அதே விடைத்தாள்கள் உச்சத்தையும் காட்டும், பாதாளத்தையும் காட்டும். இதற்கு மருந்து கணக்கில் இல்லை, வினாத்தாளில் இருக்கிறது. 'அல்லது' கேள்விகள் இரண்டும் ஒரே சி.ஓ.வுக்கும் ஒரே புளூம் நிலைக்கும் (கேள்வி கோரும் சிந்தனையின் படிநிலை; கே1, கே2 என்று குறிப்பார்கள்) உரியவையாக இருக்க வேண்டும். 'விவரி' என்று கேட்டுவிட்டு கே4 (பகுத்தாய்தல்) முத்திரை குத்துவதும் இங்கேதான் பிடிபடும். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் தரும் விடைக்குறிப்பு கே2வை (புரிந்துகொள்ளுதல்) தாண்டாது.

மாணவர் கருத்துப் படிவத்தில் சராசரியைவிட, கடைசியில் இருக்கும் திறந்த கேள்விக்கான பதில்களே பயன்படும். அவை பெரும்பாலும் எண்ணாக மாற முடியாமல் விடுபடுகின்றன.

'மேல்நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியைத் தணிக்கையாளர் ஏற்க வேண்டியதில்லை. போன பருவத்து வினாத்தாளையும் திருத்திய வினாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டு வாங்கினால் போதும்.