வயர்லெஸ் எட்டாத தூரம்

2019 அக்டோபர் 12, சனி

ஜெ. போகும் போட் இன்று கொச்சியிலிருந்து புறப்படுகிறது. தோப்பும்படியிலிருந்து பேசினார். ஐஸ் ஏற்றுகிற சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. "திரும்பி வந்ததும் வீட்டில் வந்து பேசட்டுமா?" என்று கேட்டது மட்டும் தெளிவாக விழுந்தது. விழாததுபோல் இருந்துவிட்டேன்.

அக்டோபர் 16

பி.எட். பாடத்திட்டம் எழுத வேண்டும். எனக்கு வந்த தலைப்பு: பருவக்காற்று. யாருடைய குசும்பு இது!

அக்டோபர் 20, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் மைனி சாடையாகச் சொன்னாள்: "கரையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கா பஞ்சம்?" நானும் அப்படித்தான் சபதம் எடுத்திருந்தேன். கடலுக்குப் போகிறவன் வேண்டாம், வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக ஒருவன் கிடைத்தால் போதும் என்று. ஜெ.யிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். "எனக்கும் ஏசியைக் கழற்றத் தெரியும், திரும்பப் பூட்டத்தான் தெரியாது" என்றார். ஒக்கிப் புயலுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒக்கியில் போனவனுடைய எண்ணை அழைத்தேன். உபயோகத்தில் இல்லையாம்.

அக்டோபர் 25

புயலுக்குக் கியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரத்னகிரிக்கு மேற்கே இருக்கிறதாம். ஜெ. எந்தப் பக்கம் போகிறார் என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

குழித்துறைப் பக்கம் தீபாவளி வெடி. இங்கே தூத்தூரில் ஆளாளுக்குச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அரபிக்கடலில் 2007 கோனுவுக்குப் பிறகு இவ்வளவு பெரிய புயல் இதுதானாம். கரையை விட்டு விலகி ஓமன் பக்கம் போகிறது, ஆபத்தில்லை என்று டெலிவிஷனில் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் கரையிலா இருக்கிறார்கள்?

அவ்வளவு தூரத்திலிருந்து வயர்லெஸ் கரைக்கு எட்டாது. ஒரு போட் பக்கத்துப் போட்டுக்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லி, கரையோரம் வந்த யாராவது செல்போனில் கூப்பிட்டுச் சொன்னால்தான் உண்டு. 2017இல் அப்படிச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. நவம்பர் 30 அன்று புயல் என்று அறிவித்தபோது அவன் ஆழ்கடலுக்குப் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள் தேடுங்கள் என்று கத்தினோம். பக்கத்தில் இருந்த அக்கா, "உனக்கு யார் போனது?" என்று கேட்டாள். "அண்ணன்" என்றேன். வேறு என்ன சொல்வது? இரண்டு வீட்டிலும் பேச்சே எடுக்கவில்லை. பேருக்கு ஒரு கறுப்புச் சேலைகூட எனக்குக் கிடையாது. அடுத்த வாரமே கல்லூரிக்குப் போய் செமஸ்டர் எழுதினேன்.

காணாமல்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டத்தில் ஏழு வருடம். ஒக்கிக்கு அதைத் தளர்த்தி அவனுடைய அம்மாவுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் ஒரு தேதி போட்டிருக்கிறது. யார் பார்த்தார்கள் அந்தத் தேதியை?

இன்று ஜெபமாலை சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவன் பெயரை நான் சொல்லவே இல்லை. ஐம்பத்து மூன்று மணியும் ஜெ.க்குப் போய்விட்டது.

அக்டோபர் 29

அவன் எண்ணில் மணி அடித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ பெரியவர், சேலமாம், புதிதாக வாங்கிய சிம். "அரிசி மண்டியிலிருந்தா பேசுகிறீர்கள்?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30

இன்னொன்று. மகா. லட்சத்தீவுப் பக்கம். ஒரே கடலில் இரண்டு.

அக்டோபர் 31

சாப்பிடவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

அவனுடைய அம்மா தன் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினார். அவனுக்குக் கல்லறை ஏது? பாக்கெட்டில் மிஞ்சியதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"மக்களே, அந்தப் பையனுடைய போட் கரை பிடித்ததா?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது. "இல்லை மாமி" என்றேன்.

"அவனுடைய தாய் எனக்குச் சீட்டுப் பணம் பாக்கி வைத்திருக்கிறாள். ஆனாலும் பையன் குணமானவன்" என்று சொல்லி, மிச்ச மெழுகுவர்த்திகளை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அவர் கைச்சூட்டில் எல்லாம் நடுவில் வளைந்திருந்தன. யாருக்கு ஏற்றுவது என்று தெரியாமல் அப்படியே குருசடியில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 4, திங்கள்

தெரியாத எண். ஜெ.! லட்சத்தீவில் ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். தீவுக்காரர்கள் சோறு போடுகிறார்களாம். நான் பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்து வராந்தா என்பதையும் மறந்து கண்டபடி திட்டினேன். ஏழாம் வகுப்பு முழுவதும் ஜன்னலில். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்கே ஐஸ் சத்தம் இல்லை. அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்" என்றார்.

வரச் சொன்னேன்.

நவம்பர் 6

மகா வலுவிழந்து குஜராத் பக்கம் திரும்பிவிட்டது. அம்மாவிடம் இன்று ராத்திரி சொல்ல வேண்டும், மைனி முந்திக்கொள்வதற்கு முன்னால். அவனைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடப் போகிறேன். அண்ணன் என்று சொன்னேனே, அதையும். அப்பா சாப்பிட்டு எழுந்ததும்